டூசானில் பழைய பேட்டையில் வாடகை வீடு பிடிப்பது எப்படி?

அரிசோனாவின் டூசானுக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான். பெரிய சாலையை ஒட்டி, நீச்சல் குளத்தோடு இருக்கும் அபார்ட்மென்ட்டில் ஒரு வருடம் லீஸ் போட்டுவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அதே அபார்ட்மென்ட் ஃபீனிக்ஸிலும் கிடைக்கும், டாலஸிலும் கிடைக்கும். இரண்டடி தடிமன் மண்சுவர் வீடும், மெஸ்கீட் மர நிழலில் நடந்தே டிராம் ஏறப் போகிற தெருவும் வேண்டுமென்றால் நகரத்தின் நடுவுக்குத்தான் வரவேண்டும்.

அப்படி வர நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பழைய வீட்டை அழகுக்காக மட்டும் பிடிக்காதீர்கள். அந்த வீடு வெயிலை எப்படித் தாங்குகிறது என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு அழகைப் பாருங்கள். ஜூனில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி வாரக்கணக்கில் நிற்கிற ஊர் இது. 1990 ஜூனில் 117 வரை போயிருக்கிறது. வருடத்தின் முதல் 100 டிகிரி நாளை 'சாந்தா குரூஸ் ஆற்றில் பனி உடைந்தது' என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஆற்றில் பனி என்ன, வருடத்தில் பாதி நாள் தண்ணீரே இருக்காது.

வீட்டின் வயதைப் படிக்கப் பழகுங்கள்

டூசான் 1775இல் ஸ்பானியர்களின் காவல் கோட்டையாகத் தொடங்கிய ஊர். அமெரிக்காவின் கைக்கு வந்தது 1850களின் நடுவில். 1880 மார்ச்சில் சதர்ன் பசிபிக் ரயில் வந்து சேர்ந்தது. வீடு தேடுகிறவருக்கு இந்தக் கடைசி வருடம்தான் முக்கியம். ரயிலுக்கு முந்தைய பாணியா, பிந்தைய பாணியா என்பதைத் தெருவில் நின்றே கண்டுபிடித்துவிடலாம்.

ரயிலுக்கு முந்தைய பாணி வீடு நடைபாதையை ஒட்டியே எழும்பும். வீட்டுக்கு முன்னால் முற்றம் என்று எதுவும் கிடையாது, அது பின்பக்கம். சுவர் அடோபி, அதாவது சூளையில் சுடாமல் வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல். கூரை தட்டையாக இருக்கும். மேலே கைப்பிடிச் சுவர், அதிலிருந்து மழைநீர் வழிய வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தூம்பு. ரயில் வந்த பிறகு மரம், சுட்ட செங்கல், கண்ணாடி எல்லாம் வெளியூரிலிருந்து இறங்க ஆரம்பித்தன. வீடுகள் தெருவைவிட்டு உள்ளே தள்ளிப் போயின. சாய்கூரை, முன்தாழ்வாரம், புல்தரை எல்லாம் வந்தன. 1920, 30களில் பங்களா பாணி வீடுகளும் (நம்மூர் மாளிகை அல்ல, முன்தாழ்வாரம் வைத்த சிறிய வீடு) ஸ்பானியச் சாயல் கொண்ட வெள்ளைச் சாந்து வீடுகளும் எழுந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தவை தாழ்ந்த கூரையுள்ள செங்கல் ராஞ்ச் வீடுகள்.

வயது தெரிந்தால் கோடை எப்படி இருக்கும் என்பது பாதி தெரிந்துவிடும். அடோபிச் சுவர் ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி வரை தடிமன் இருக்கும். பகல் வெயிலை மெதுவாக வாங்கிக்கொண்டு இரவில் விட்டுவிடும். ஜூன் இரவுகளில் வெப்பநிலை பகலைவிட 30 ஃபாரன்ஹீட் டிகிரி போலக் குறைந்துவிடுவதால் சுவருக்கு ஆற நேரம் கிடைக்கிறது. 'மண்வீடு, ஏசியே தேவையில்லை' என்று சில வீட்டுக்காரர்கள் சொல்வது இதை வைத்துத்தான். ஜூலையில் பருவமழை ஈரம் வந்து இரவும் புழுங்கத் தொடங்கினால் சுவர் ஆறவே ஆறாது. அப்போது அந்தப் பேச்சு எடுபடாது.

பங்களா வீடுகளில் உயரமான உட்கூரையும் தாழ்வாரமும் நிழல் தரும். ஆனால் சுவருக்குள் வெப்பம் தடுக்கும் பஞ்சு பெரும்பாலும் இருக்காது. குளிர்காலத்தில் அந்தக் குறை இன்னும் நன்றாகத் தெரியும். ராஞ்ச் வீட்டுச் செங்கல் சுவரும் அப்படித்தான். மேற்குச் சுவர் இரவு பத்து மணி வரை சூடு கக்கும். பார்க்க எடுப்பாக இல்லாவிட்டாலும், கூரைக்கு மேல் நல்ல ஏசி வைத்த ராஞ்ச் வீடு, கூலர் மட்டும் உள்ள அழகான அடோபியைவிட ஆகஸ்ட் மாதத்தில் நிம்மதியாக இருக்கும்.

எந்தப் பேட்டை யாருக்கு

பாரியோ வியேஹோவிலிருந்து தொடங்குவோம், எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். ஸ்பானிய மொழியில் பாரியோ என்றால் பேட்டை, வியேஹோ என்றால் பழைய. மேயர், கான்வென்ட் அவென்யூக்களில் நீலமும் மஞ்சளும் செம்மண் நிறமுமாக வரிசையாக நிற்கும் அடோபி வீடுகள். 1960களின் கடைசியில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் பழைய பாரியோவின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினார்கள். மெக்சிக அமெரிக்கக் குடும்பங்கள்தான் அதிகம் வெளியேற்றப்பட்டன. அந்த இடத்தில் 1971இல் மாநாட்டு மையம் எழுந்தது. மிச்சமிருந்த பகுதி வழியாக ஒரு பெருஞ்சாலை போடும் திட்டமும் இருந்தது. தெற்கு மெயின் அவென்யூவில் உள்ள எல் திராதிதோ என்ற சிறு வழிபாட்டிடம் அதே 1971இல் தேசிய வரலாற்றுப் பட்டியலில் சேர்ந்தது, அந்தத் திட்டத்தை நிறுத்த உதவியது. இப்போது இங்கே வாடகைக்கு வருபவை சொற்பம், வந்தாலும் விலை அதிகம். இன்னொரு விஷயம்: ஜன்னல் நடைபாதையை ஒட்டியே இருப்பதால், குளிர்கால வார இறுதிகளில் யாராவது வெளியே நின்று உங்கள் சுவரைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு மனம் ஒப்பினால் பாருங்கள்.

வேலைக்குப் போகிற ஒருவரோ இருவரோ என்றால் நான் முதலில் கைகாட்டுவது ஆர்மரி பார்க். டவுன்டவுனுக்குத் தெற்கே, ரயில்வே ஊழியர்கள் குடியிருந்த பேட்டை. அகலமான தெருக்கள், செங்கல் வீடுகள், பின்பக்கம் தனி அறைவீடுகள். சரக்கு ரயில் ஊதும் சத்தம் இரவிலும் கேட்கும். தூக்கம் எளிதில் கலைகிறவர்கள் ஒரு ராத்திரி பக்கத்தில் எங்காவது தங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கோட்டை இருந்த எல் பிரெசிடியோ பேட்டை அழகானது. ஆனால் நிறைய வீடுகள் அலுவலகமாகிவிட்டதால் வாடகைக்குக் கிடைப்பது அபூர்வம்.

மாணவர்களுக்கு வெஸ்ட் யூனிவர்சிட்டி, ஃபெல்ட்மன்ஸ், பை ஆலன், அயர்ன் ஹார்ஸ். அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு நடந்தோ சைக்கிளிலோ போய்விடலாம், ஃபோர்த் அவென்யூ கடைகளும் பக்கம். வீடு பார்க்கப் போகும்போது அக்கம்பக்கத்து வாசல்களையும் நோட்டம் விடுங்கள். கட்டுக்கடங்காத பார்ட்டி நடந்த வீட்டில் போலீஸ் சிவப்பு நோட்டீஸ் ஒட்டும், அது 180 நாள் அங்கேயே இருக்கவேண்டும். ஒரே தெருவில் இரண்டு சிவப்புத் தாள் கண்ணில் பட்டால், படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தத் தெரு வேண்டாம். ஃபோர்த் அவென்யூவில் வருடத்துக்கு இரண்டு முறை தெருச்சந்தை நடக்கும். அந்த நாட்களில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பல்கலைக்கழகத்தைச் சுற்றிய பல தெருக்களில் சாதாரண நாளிலேயே குடியிருப்போர் பெர்மிட் வேண்டும்.

குழந்தைகளோடு வருகிறவர்கள் சாம் ஹியூஸ் பக்கம் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்குக் கிழக்கே, ஸ்பீட்வேக்கும் பிராட்வேக்கும் நடுவில் இருக்கிறது. ஹிம்மல் பார்க், நூலகம், சைக்கிள்களுக்கு வசதியான தேர்டு ஸ்ட்ரீட் எல்லாம் உள்ளேயே. வாடகையும் அதற்கேற்ப இருக்கும். டேவிஸ்-மன்தன் விமானப்படைத் தளத்தின் ஓடுபாதை தென்கிழக்கிலிருந்து வடமேற்காகப் போவதால், போர் விமானங்கள் நகரின் நடுப்பகுதி மேலேயே பறக்கும். வேலை நாள் ஒன்றில் போய் நின்றால் அந்தச் சத்தம் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

டன்பார் ஸ்பிரிங் அவ்வளவாகப் பேசப்படாத பேட்டை. எனக்குப் பிடித்தது. தெருவோரக் கல்லை ஆங்காங்கே ஒரு முழம் அளவுக்கு வெட்டிவிட்டிருப்பார்கள். மழை பெய்தால் தெருத் தண்ணீர் அந்த வெட்டு வழியாக உள்ளே இறங்கி, நடைபாதையை ஒட்டித் தோண்டிய பள்ளத்தில் நின்று, அங்கே நட்ட மெஸ்கீட், பாலோ வெர்டே மரங்களுக்குப் போகும். குழாய்த் தண்ணீர் செலவில்லாமல் வளர்ந்த நிழல். ஜூன் மதியம் இந்தத் தெருவிலும் நிழலில்லாத இன்னொரு தெருவிலும் பத்து நிமிடம் நடந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஐ-10 நெடுஞ்சாலைக்கு மேற்கே, சரிவில் பெரிய ஆங்கில 'A' எழுத்து தெரியும் 'ஏ' மலை அடிவாரத்தில் மென்லோ பார்க், அதற்கு வடக்கே பாரியோ ஹாலிவுட். தலைமுறைகளாக அங்கேயே இருக்கும் மெக்சிக அமெரிக்கக் குடும்பங்கள் அதிகம். டிராம் வந்த பிறகு வாடகை ஏறி, பழைய குடும்பங்கள் நகர வேண்டிவருகிறது என்ற வருத்தம் அங்கே உண்டு. புதிதாகப் போகிறவர் அக்கம்பக்கத்தில் போய் அறிமுகம் செய்துகொள்வது நல்லது.

டிராம் என்றது சன் லிங்க். 2014 ஜூலையில் ஓடத் தொடங்கியது. நீளம் 3.9 மைல். மேற்கே மெர்காடோவில் கிளம்பி டவுன்டவுன், ஃபோர்த் அவென்யூ, பல்கலைக்கழகம் வழியாக மருத்துவ வளாகம் வரை போகும். 2020இல் கட்டணம் வாங்குவதை நிறுத்தினார்கள். கார் இல்லாதவர்கள் வரைபடத்தில் இந்தப் பாதையைக் கோடு போட்டுக்கொண்டு, அதிலிருந்து பத்து நிமிட நடைக்குள் மட்டும் தேடினால் போதும். விமான நிலையம் பக்கம் வேலை என்றால் எந்தப் பேட்டையில் இருந்தாலும் கார் வேண்டும்.

தேடும் காலமும் முறையும்

பல்கலைக்கழகத்தைச் சுற்றி லீஸ் எல்லாம் ஆகஸ்டில் தொடங்கும், நல்ல வீடுகள் அதற்குப் பல மாதம் முன்பே பேசி முடிந்துவிடும். மாணவர் அல்லாதவர்களுக்கு மே கடைசி நல்ல காலம். பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பிவிடுவதால் வீடுகள் காலியாகும், வீட்டுக்காரர்களும் பேச்சுக்கு இறங்கி வருவார்கள்.

இணையத்தில் தேடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். பழைய பேட்டைகளில் ஒன்றிரண்டு வீடு மட்டும் வைத்திருப்பவர்கள் வேலியில் ஒரு போர்டு மாட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். காலையில் தெருத்தெருவாக நடங்கள். பின்சந்துகளிலும் நடங்கள், ஏனென்றால் தனியாள் தேட வேண்டியது காசிட்டாவைத்தான். பெரிய வீட்டின் பின்பக்கம், ஓர் அறையும் சின்ன சமையலறையுமாக இருக்கும் தனிவீடு அது. கேட்க வேண்டிய கேள்வி: கரண்ட், தண்ணீர் மீட்டர் தனியா, பெரிய வீட்டோடு சேர்ந்ததா? சேர்ந்தது என்றால் பில்லை எந்தக் கணக்கில் பிரிக்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

அமெரிக்காவில் கிரெடிட் வரலாறு இல்லாமல் புதிதாக வந்தவர்களுக்கும் இந்தச் சிறு வீட்டுக்காரர்களே வசதி. பெரிய நிர்வாக நிறுவனத்தின் கம்ப்யூட்டர் உங்களை நிராகரித்துவிடும். இவர்களோ வேலைக் கடிதம், வங்கி இருப்பு, பல்கலைக்கழகக் கடிதம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு நேரில் பேசி முடிவு செய்வார்கள். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சாவி போட்டுத் திறந்து உள்ளே நிற்காத வீட்டுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும்

சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்குப் போங்கள். காலை பத்து மணிக்கு எல்லா வீடும் குளுமைதான். மேற்குச் சுவரின் உள்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். படுக்கையறைச் சுவர் அதுவாக இருந்தால் கட்டிலை எங்கே போடுவது என்றும் யோசியுங்கள்.

அடுத்து கேட்க வேண்டியது: கூலரா, ஏசியா, இரண்டுமா? கூரைமேல் இருக்கும் பெரிய தகரப் பெட்டியை இங்கே ஸ்வாம்ப் கூலர் என்பார்கள். ஈரமான பட்டைகள் வழியாகக் காற்றை இழுத்து வீட்டுக்குள் தள்ளும். மே, ஜூனின் வறண்ட காற்றில் அருமையாக வேலை செய்யும், கரண்டும் ஏசியைவிட மிகக் குறைவாக இழுக்கும். பருவமழை ஈரம் வந்த பிறகு உள்ளே வருவது ஈரக்காற்று, அவ்வளவுதான். ஜூனில் வீடு பார்க்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். கூலர் ஓடும்போது காற்று வெளியேற ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைக்கவும் வேண்டும். தரைத்தளத்தில் தனியாக இருப்பவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூலரைப் போடச் சொல்லிப் பத்து நிமிடம் காத்திருங்கள். சேற்று வாடை வந்தால் பட்டைகளை மாற்றிப் பல வருடம் ஆகியிருக்கும். ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பதால் பட்டைகளில் வெள்ளைப் பொருக்குப் படியும். ஒவ்வொரு வசந்தத்திலும் மாற்ற வேண்டும். யார் மாற்றுவது, கூரைமேல் யார் ஏறுவது என்று அப்போதே கேட்டுவிடுங்கள். கூலரும் ஏசியும் சேர்ந்திருக்கும் வீடு கிடைத்தால் விடாதீர்கள். எதுவாக இருந்தாலும், போன வருட ஜூலை, ஆகஸ்ட் கரண்ட் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் வாடகையைக் குறைத்துக் கேளுங்கள்.

பிறகு மேலே பாருங்கள். உட்கூரையில் டீ நிறத்தில் வளையம் தெரிந்தால் தட்டைக்கூரை ஒழுகியிருக்கிறது. அதன்மேல் புதிதாக ஒரு சதுரம் மட்டும் வெள்ளை அடித்திருந்தாலும் அதே அர்த்தம்தான். தட்டைக்கூரைக்குச் சில வருடத்துக்கு ஒரு முறை வெள்ளைப் பூச்சு கொடுக்க வேண்டும், கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். கீழே குனிந்து சுவரடியையும் பாருங்கள். அடோபிச் சுவருக்குச் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். ஓதம் ஏறிப் பூச்சு உப்பியிருக்கும், தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும், தரையோரம் மண்தூள் உதிர்ந்து கிடக்கும். சுவரில் பென்சில் தடிமனுக்கு மண்கோடு ஓடினால் கரையான்.

மின்சாரத்தையும் தண்ணீரையும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இரண்டு துளை மட்டுமே உள்ள பழைய பிளக் பாயின்ட்டுகள் எத்தனை, சமையலறையில் எத்தனை பாயின்ட், ஷவரையும் சமையலறைக் குழாயையும் ஒன்றாகத் திறந்தால் தண்ணீர் நூலாகிறதா, இவ்வளவுதான். அடுப்புக்கு மேல் உள்ள விசிறி புகையை வெளியே தள்ளுகிறதா, வீட்டுக்குள்ளேயே சுற்றிவிடுகிறதா என்பதையும் பாருங்கள். தினமும் தாளிக்கிற வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

1978க்கு முன் கட்டிய வீடு என்றால், ஈயப் பெயின்ட் பற்றித் தெரிந்ததைச் சொல்லி அதற்கான கையேட்டையும் தரவேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். தவழும் குழந்தை இருந்தால் பெயின்ட் உதிரும் ஜன்னல் கட்டையுள்ள வீட்டை விட்டுவிடுங்கள். கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிற இடைவெளி இருந்தால் அந்த வழியாகத் தேள் வரும். புற ஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சையாக ஒளிரும். ராத்திரி ஒருமுறை முற்றத்தைச் சுற்றி அடித்துப் பார்ப்பது இங்கே வழக்கம்தான்.

வெளியே வந்ததும் தெருவின் சரிவைக் கவனியுங்கள். டூசானில் மழைநீரின் பெரும்பகுதி தெருக்கள் வழியாகவே ஓடும்படி விட்டிருக்கிறார்கள். வருடத்துக்கு 11 அங்குலம் போலத்தான் மழை, ஆனால் அதில் பாதி ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரையிலான பருவமழைக் காலத்தில் அடித்துக்கொண்டு வரும். வாசலோரம் வண்டல் படிந்திருக்கிறதா, பக்கத்து வீடுகளில் மணல்மூட்டை வைத்திருக்கிறார்களா என்று பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். தெரு ஆறாக ஓடும்போது தடுப்பைத் தாண்டிக் காரை விட்டு மாட்டிக்கொண்டால், மீட்புச் செலவை ஓட்டியவரிடமே வாங்கலாம் என்று 1995இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அதற்கு இங்கே முட்டாள் ஓட்டுநர் சட்டம் என்று பெயர்.

கையெழுத்துப் போடும் முன்

அரிசோனாவின் வீட்டு வாடகைச் சட்டம் சில விஷயங்களில் தெளிவாக இருக்கிறது. அட்வான்ஸாக ஒன்றரை மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. நீங்களாக விரும்பி வாடகையை முன்கூட்டியே அதிகமாகக் கட்டத் தடையில்லை, கிரெடிட் வரலாறு இல்லாதவர்களுக்கு இது ஒரு வழி. திருப்பித் தராத கட்டணம் ஏதாவது இருந்தால் அப்படியென்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். காலி செய்து சாவியைக் கொடுத்துக் கணக்குக் கேட்டதிலிருந்து, சனி ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக 14 நாளில் அட்வான்ஸ் கணக்கை முடிக்க வேண்டும். அவசரம் இல்லாதபோது வீட்டுக்குள் வர இரண்டு நாள் முன்னறிவிப்பு வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் குடியிருப்பு வாடகைக்கு நகராட்சி வரி கிடையாது. பழைய ஒப்பந்தப் படிவத்தில் அந்த வரி இன்னும் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள்.

பழைய வீட்டுக்குப் போகிறவர் கூர்ந்து படிக்க வேண்டிய இடம் குளிர்ச்சி பற்றியது. ஏசியோ கூலரோ வேலை செய்யாவிட்டால் வாடகைக்காரருக்குச் சட்டத்தில் பரிகாரம் உண்டு. ஆனால் அந்தச் சாதனம் வீட்டில் பொருத்தப்பட்டு, வாடகையோடு சேர்த்துத் தரப்பட்டதாக இருக்க வேண்டும். ஆகவே வீட்டில் என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன, எவை எல்லாம் உங்களுக்குத் தரப்படுகின்றன என்று ஒவ்வொன்றாக ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஜன்னலில் முந்தைய வாடகைக்காரர் விட்டுப்போன ஏசி இருந்தால் அதைக் குறிப்பாக எழுதுங்கள். 'அது போனால் உங்கள் பாடு' என்பது ஆகஸ்ட் மாதத்தில் கேட்கிற பதிலாக இருக்கக் கூடாது. கூலரை வசந்தத்தில் திறப்பதும் இலையுதிர் காலத்தில் மூடுவதும் யார் பொறுப்பு, முற்றத்துப் புல்லையும் களையையும் யார் வெட்டுவது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

குடிபோகும் நாளில் வீட்டின் குறைகளைக் குறிக்க ஒரு படிவம் தருவார்கள், தர வேண்டும். நாம் சொன்ன வளையம், ஓதம், விரிசல் எல்லாவற்றையும் அதில் எழுதிப் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கரண்டுக்கு டூசான் எலெக்ட்ரிக் பவர், எரிவாயுவுக்கு சவுத்வெஸ்ட் கேஸ், தண்ணீருக்கு டூசான் வாட்டர் என்று மூன்று கணக்கு. எது உங்கள் பெயரில், எது வீட்டுக்காரர் பெயரில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பெருமழை பெய்த மறுநாள் காலையில் எல்லா அறையிலும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள், புது ஈரம் தெரிந்தால் அன்றே எழுத்து மூலமாக வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். சுவரிலோ தரையிலோ பதித்த பழைய கேஸ் ஹீட்டர் உள்ள வீடு என்றால் அக்டோபரிலேயே அதைப் பற்றவைத்துச் சோதிக்க ஆள் சொல்லிவிடுங்கள். முதல் குளிர் இரவு வந்த பிறகு கூப்பிட்டால் ஊரில் எல்லோரும் அதே வரிசையில் நிற்பார்கள்.